ரிசர்வ் சைட்ல ஆரம்பிங்க: பார்க், விளையாட்டு சென்டர், நடைபாதை பத்தி கோயமுத்தூர்க்காரங்க கேட்ட கேள்விகளும் பதில்களும்

வணக்கமுங்க. லேஅவுட் பிளானிங், பார்க் டிசைன் இதுதான் என் தொழில். 2011ல நம்ம மாநகராட்சி 100 வார்டா பெருசாச்சு, சரவணம்பட்டி காளப்பட்டி வடவள்ளி துடியலூர் எல்லாம் உள்ள வந்துச்சு, அதுக்கப்புறம் வீடு வந்த வேகத்துக்கு பார்க்கும் கிரவுண்டும் வரவே இல்ல. அந்த ஆதங்கம்தான் இந்த கேள்வி பதிலுக்கு காரணம். கேள்வி கேட்டவங்களோட ஊர் மட்டும் போட்டிருக்கேன், பேர் வேண்டாம்.

சரவணம்பட்டியில இருந்து: எங்க லேஅவுட்ல பார்க்குக்குன்னு விட்ட இடம் முழுக்க பார்த்தீனியம், ராத்திரியில லாரி நிறுத்தறாங்க. புரொமோட்டரை கேட்டா கார்ப்பரேஷனை கேளுங்கன்றார், கார்ப்பரேஷன்ல கேட்டா எங்க கைக்கு வரலன்றாங்க. என்னதான் பண்றது?

ஊர்ல பாதி பேருக்கு இதே கதைதானுங்க, அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். 2019ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் என்ன சொல்லுதுன்னா, மனை பிரிக்கற நிலம் 3000 சதுர மீட்டரை தாண்டினா ரோடு போக மீதியில 10 சதவீதம் பொது இடமா விடணும். 10,000 சதுர மீட்டர் வரைக்கும் இருந்தா இடத்துக்கு பதிலா பணம் கட்ட வழி இருக்கு, அதுக்கு மேல போயிடுச்சுன்னா, அதாவது சுமார் இரண்டரை ஏக்கரை தாண்டிட்டா, பணம் கட்டி தப்பிக்கவே முடியாது, நிலமாத்தான் கொடுக்கணும், அதையும் தானப் பத்திரமா பதிவு பண்ணி உள்ளாட்சிக்கு கொடுக்கணும். நம்மூர்ல ரிசர்வ் சைட்டுன்னு சொல்றோமே, அது இதுதான்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, முதல்ல உங்க லேஅவுட்டோட அப்ரூவல் நம்பரை உங்க கிரயப் பத்திரத்துலயே தேடுங்க, இருக்கும். அதை வெச்சு டிடிசிபி, அதாவது நகர ஊரமைப்பு துறை, அப்ரூவ் பண்ணின வரைபடத்தோட நகல் வாங்குங்க, கொடுக்க இழுத்தடிச்சா ஆர்டிஐ போடுங்க. வரைபடத்துல பார்க்குன்னு குறிச்ச இடத்தோட சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டு பாருங்க. தானப் பத்திரம் பதிவாகியிருந்தா அதுல தெரிஞ்சுடும், அந்த பத்திர நம்பர் உங்க கையில இருந்தா "எங்க கைக்கு வரல"ன்ற பேச்சுக்கே இடமில்ல. பதிவாகலன்னா அதையே எழுதி மாநகராட்சி கமிஷனருக்கும் நகர ஊரமைப்பு ஆபீஸுக்கும் ஒரே மனுவா கொடுங்க, கொடுத்ததுக்கு ரசீது வாங்காம வராதீங்க. அடுத்தது பட்டா யார் பேர்ல நிக்குதுன்னு பாருங்க, பல இடத்துல பத்திரம் பதிவாகியும் பட்டா பழைய ஓனர் பேர்லயே கிடக்கும், பின்னாடி வாரிசுங்க வந்து நிக்கறது அதனாலதான்.

அப்புறம் இடத்தை சும்மா விடாதீங்க. கம்பி வேலியும் "மாநகராட்சி பூங்கா இடம்"னு ஒரு போர்டும் வைக்கச் சொல்லி ஏரியா சபை கூட்டத்துல தீர்மானம் கேளுங்க. பார்க் இடத்தை வேற வேலைக்கு எடுக்கறதை தடுக்க 1959லயே தனி சட்டம் இருக்கு, தமிழ்நாடு பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளி பாதுகாப்பு சட்டம். பெங்களூர்ல ஒரு லேஅவுட்ல பார்க்குக்கு விட்ட இடத்தை தனியார் நர்சிங் ஹோமுக்கு ஒதுக்கினாங்க, அங்க குடியிருக்கறவங்க கேஸ் போட்டாங்க, சுப்ரீம் கோர்ட் 1991ல அந்த ஒதுக்கீடு செல்லாதுன்னு சொல்லிடுச்சு. குடியிருக்கறவங்களுக்கு கேள்வி கேட்க உரிமை இல்லன்னு யாராவது சொன்னா இந்த தீர்ப்பை காட்டுங்க.

அதே ஊர்ல இருந்து இன்னொருத்தர்: அந்த மாதிரி இடம் ரொம்ப சின்னதா இருக்குமே, அதுல என்ன வரும்?

கணக்கு போட்டு பாருங்க. 10 ஏக்கர் லேஅவுட்ல ரோடுக்கு 3 ஏக்கர் போச்சுன்னா மீதி 7 ஏக்கர், அதுல 10 சதவீதம்னா 70 சென்ட். ஓரமா சுத்தி நடை பாதை போட்டா கிட்டத்தட்ட 200 மீட்டர் சுத்து கிடைக்கும். நடுவுல சின்ன பசங்களுக்கு மணல் குழியும் ஊஞ்சலும், ஒரு மூலையில பெரியவங்க உக்கார நிழல், இன்னொரு பக்கம் ஒரு ஷட்டில் கோர்ட், இவ்வளவும் தாராளமா வரும். தயவுசெஞ்சு அந்த 70 சென்ட்ல ஃபவுண்டன், செல்ஃபி பாயின்ட், கல்யாண மண்டபம்னு எதையும் ஏத்தாதீங்க. வீட்டுல இருந்து செருப்பு மாட்டிட்டு 5 நிமிஷத்துல நடந்து போற பார்க்குதான் தினமும் ஆள் வர்ற பார்க், நான் பார்த்த வரைக்கும் இதுல மாத்தமே இல்ல.

காந்திபுரத்துல இருந்து: அதான் செம்மொழிப் பூங்கா 45 ஏக்கர்ல வந்துடுச்சே, இன்னும் எதுக்கு சின்ன சின்னதா?

வந்தது ரொம்ப சந்தோஷம். 2010 செம்மொழி மாநாட்டுல அறிவிச்சது, ஜெயில் நிலத்துல அவ்வளவு பெரிய இடம் கட்டடமா மாறாம பச்சையா நின்னதே பெரிய விஷயம். ஆனா வடவள்ளியில இருக்கற பாட்டி தினமும் சாயந்திரம் பஸ் ஏறி காந்திபுரம் வருவாங்களா? மத்திய அரசோட நகர திட்ட வழிகாட்டியே படிப்படியாத்தான் கேக்குது: 5,000 பேருக்கு அரை ஹெக்டேர், 15,000 பேருக்கு 1 ஹெக்டேர், 1 லட்சம் பேருக்கு 5 ஹெக்டேர், 5 லட்சம் பேருக்கு 25 ஹெக்டேர். மேல இருக்கற படி மட்டும் கட்டிட்டு கீழ்ப்படியை விட்டா யாரும் ஏற முடியாது.

காளப்பட்டியில இருந்து: எங்க பக்கம் கம்யூனிட்டி சென்டர் கேட்டு மனு கொடுக்கப் போறோம். ஸ்விம்மிங் பூல், ஜிம், ஷட்டில், லைப்ரரி எல்லாம் எழுதலாம்னு இருக்கோம், சரிங்களா?

பூல்ல மட்டும் அவசரப்படாதீங்க. கட்டறது ஒரு தடவை செலவு, ஃபில்டர் ஓட்டறது, குளோரின், லைஃப் கார்டு சம்பளம், தண்ணி, இதெல்லாம் வருஷா வருஷம். அதுக்கு யார் பணம் கொடுப்பாங்கன்னு எழுத்துல இல்லாம கட்டின பூல் சீக்கிரமே காஞ்ச தொட்டியாத்தான் கிடக்கும்.

நான் முதல்ல எழுதுவேன்னா ஒரே ஒரு பெரிய ஹால். பாஸ்கெட்பால் கோர்ட் 28க்கு 15 மீட்டர், சுத்தி 2 மீட்டர் விட்டா 32க்கு 19. அதே தரையில வேற கலர் கோடு போட்டா ஷட்டில் கோர்ட் நாலு அடங்கிடும், ஒரு கோர்ட் 6.1 மீட்டர் அகலம், நாலு சேர்ந்து 24.4, நடுவுல நடுவுல ஒண்ணரை மீட்டர் இடைவெளியும் கிடைக்கும். வாலிபால் 18க்கு 9, கபடி 13க்கு 10, ரெண்டுமே தாராளமா உக்காரும். கபடிக்கு மேட் விரிச்சு ஆடிட்டு சுருட்டி வெச்சுக்கலாம். காலையில பெரியவங்களுக்கு யோகா, மதியம் ஸ்கூல் பசங்க, ராத்திரி வேலைக்கு போயிட்டு வர்றவங்க, ஹால் ஒரு நேரமும் சும்மா இருக்காது. ஆனா உயரத்துல மட்டும் கஞ்சத்தனம் கூடாது, தரையில இருந்து 9 மீட்டருக்கு உத்திரமோ ஃபேனோ லைட்டோ குறுக்க வரக்கூடாது. காசு மிச்சம்னு 5 மீட்டர்ல ஷீட் போட்ட ஹால்ல ஷட்டில்காக் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கூரையில மோதும், அப்புறம் யாரும் வரமாட்டாங்க, கடைசியில அது குடோன் ஆயிடும்.

லைப்ரரி கண்டிப்பா எழுதுங்க, படிக்கற ரூம் பெருசா கேளுங்க, போட்டித் தேர்வுக்கு படிக்கற பசங்க வீட்டுல இடமில்லாம தவிக்கறாங்க. ஜிம் கடைசி, அது தெருவுக்கு தெரு தனியார்லயே இருக்கு. பணத்துக்கு நமக்கு நாமே திட்டத்தையும் விசாரிங்க, மொத்த செலவுல குறைஞ்சது மூணுல ஒரு பங்கு பொதுமக்கள் போடணும், நம்ம பக்கம் மில்லு, ஃபவுண்டரி வெச்சிருக்கறவங்க மனசு வெச்சா அது பெரிய தொகை இல்ல.

குனியமுத்தூர்ல இருந்து ஒரு அம்மா: என் பொண்ணுக்கு 12 வயசு. போன வருஷம் வரைக்கும் பார்க் போவா, இப்ப கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறா. கிரிக்கெட் ஆடற பசங்கதான் முழு இடத்தையும் பிடிச்சிருக்காங்க. இதுக்கெல்லாம் பிளான்ல வழி உண்டுங்களா?

உண்டும்மா, இந்த கேள்வியை கேட்டதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும். ஆஸ்திரியாவுல வியன்னா நகரத்துல 90கள்ல இதையே கவனிச்சாங்க, ஏறக்குறைய 10 வயசு ஆனதும் பொண்ணுங்க பார்க்குல இருந்து காணாம போறாங்கன்னு. பசங்களை விரட்டல, இடத்தைத்தான் மாத்தினாங்க. ஐன்சீட்லர் பார்க்குன்னு ஒண்ணு, அங்க ஒரே பெரிய திடலா இருந்ததை சின்ன சின்ன இடமா பிரிச்சாங்க, கூண்டு மாதிரி ஒரே வாசல் இருந்த விளையாட்டு இடத்துக்கு வாசல் அதிகமாக்கினாங்க, கூட்டமா உக்காந்து பேச மேடை போட்டாங்க. ஒரே வாசல்ல நாலு பசங்க நின்னா பொண்ணு உள்ள போக தயங்குவா, நாலு வாசல் இருந்தா அந்த தயக்கம் இல்ல. பொண்ணுங்க திரும்பி வந்தாங்க.

நம்மூருக்கு நான் சேர்க்கறது மூணு. பூட்டாத, தண்ணி வர்ற டாய்லெட். ரோட்டுல இருந்து உள்ள தெரியற மாதிரி கம்பி வேலி, ஆளுயர காம்பவுண்ட் சுவர் கட்டினா அது பாதுகாப்பு இல்ல, மறைப்பு. அப்புறம் லைட்டு பாதை முழுக்க ஒரே சீரா விழணும், நடுவுல ஹைமாஸ்ட்னு ஒரே ஒரு உயர விளக்குக் கம்பம் நட்டுட்டு ஓரமெல்லாம் இருட்டா விட்டா அந்த ஓரத்துல நடக்க யாருக்கு தைரியம் வரும்? பெத்தவங்களும் தோழிங்களுமா ஒரு த்ரோபால் டீம் ஆரம்பிங்க, பார்க்குல ஒரு மணி நேரம் உங்களுக்குன்னு எழுதி வாங்குங்க.

சிங்காநல்லூர்ல இருந்து: குளக்கரையில நடைபாதை போடறது நல்லதா கெட்டதா? பறவை போயிடும்னு ஒரு கூட்டம், நடக்க இடம் வேணும்னு ஒரு கூட்டம்.

ரெண்டு பேர் சொல்றதும் உண்மைங்க. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரையில ஸ்மார்ட் சிட்டி வேலை முடிஞ்சதுக்கு அப்புறம் சாயந்திரம் போய் பாருங்க, கைக்குழந்தையோட வர்ற குடும்பங்க எத்தனைன்னு. முன்னாடி அந்த கரையில மூக்கை பொத்திட்டு போவோம். அதை நான் குறைச்சு சொல்லவே மாட்டேன். ஆனா குளம்னா முதல்ல தண்ணி நிக்கற இடம், நொய்யல்ல இருந்து வாய்க்கால் வழியா நிரம்பி பாசனத்துக்கு போன அமைப்பு. கரையை தண்ணிக்குள்ள இறக்கி கட்டினா பரப்பு சுருங்கும். சாக்கடை கலக்கறதை நிறுத்தாம கரைக்கு கிரானைட் போட்டா நடக்கறவங்களுக்கு நாத்தம்தான் மிச்சம்.

என் கருத்து, குளத்தை சுத்தி முழு வட்டமா பாதை போடாதீங்க. ரோடு பக்கம் இருக்கற கரையை மனுஷங்களுக்கு கொடுங்க, லைட்டு, பெஞ்சு, டீக்கடை எல்லாம் அங்க இருக்கட்டும். எதிர் கரையில கோரையும் சேறும் ஆழமில்லாத தண்ணியும் அப்படியே இருக்கட்டும், லைட்டே வேண்டாம், நீலத்தாழைக்கோழியும் கூழைக்கடாவும் அங்க நிம்மதியா இருக்கும். உங்க சிங்காநல்லூர் குளத்தை நகர்ப்புற பல்லுயிர் பாதுகாப்பு மண்டலமா மாநகராட்சியே அறிவிச்சிருக்கு, அங்க மண் பாதையும் ஒரு பார்வை மேடையும் போதும். சிங்கப்பூர்ல பிஷான் பார்க்குல 2.7 கிலோமீட்டர் நேர் கான்கிரீட் கால்வாயை உடைச்சு 3.2 கிலோமீட்டர் வளைஞ்சு ஓடற ஆறா மாத்தி 2012ல திறந்தாங்க, வெள்ளம் வந்தா புல்வெளி மேல ஏறும், வடிஞ்சதும் ஜனங்க திரும்ப இறங்கி நடப்பாங்க. அவங்க கான்கிரீட்டை எடுக்கறாங்க, நாம கொட்டறோம், இது எனக்கு தாங்க முடியாத வருத்தம்.

வடவள்ளியில இருந்து: ரேஸ் கோர்ஸ் மாதிரி நடக்கற இடம் எங்களுக்கும் வேணும், ஆனா நிலமே இல்லன்றாங்க.

ரேஸ் கோர்ஸ் சுத்து சுமார் இரண்டரை கிலோமீட்டர், அந்த அழகே மரத்தாலதான். உங்க பக்கம் வட்டமா இடம் கிடைக்காது, ஆனா நீளமா கிடைக்கும். வாய்க்கால் ஓரம், ஓடைப் புறம்போக்கு, ஹைடென்ஷன் லைன் கீழ கட்டடம் கட்டக்கூடாத பட்டை, இதையெல்லாம் வரைபடத்துல பச்சை பேனாவுல இணைச்சு பாருங்க. சிங்கப்பூர்ல பார்க்கையும் பார்க்கையும் இணைக்கற பார்க் கனெக்டர் பாதை 300 கிலோமீட்டருக்கு மேல இருக்கு, அதுல ரொம்ப தூரம் கால்வாய் பராமரிப்புக்கு விட்ட ஓரத்துலதான் போகுது, புதுசா நிலம் வாங்கி போட்டதில்ல. நடக்க மட்டும்னா 1.8 மீட்டர் அகலம் குறைஞ்சபட்சம், சைக்கிளும் சேர்ந்தா 3 மீட்டருக்கு குறையக்கூடாது. ரோட்டை தாண்டற இடத்தை முதல்ல டிசைன் பண்ணுங்க, அங்கதான் இந்த மாதிரி பாதையெல்லாம் செத்துப் போகுது. 1994 மாஸ்டர் பிளானுக்கு அப்புறம் இப்பதான் 2041க்கான பிளான், எந்த நிலம் எதுக்குன்னு அதுல கலர் போட்டு காட்டியிருப்பாங்க, உங்க சர்வே நம்பர் என்ன கலர்ல இருக்குன்னு போய் பாருங்க.

துடியலூர்ல இருந்து: அப்பா வீல்சேர். பார்க் வாசல்ல வண்டி நுழையாம இருக்க வளைச்சு வளைச்சு கம்பி வெச்சிருக்காங்க.

பைக்கை தடுக்கப் போய் அப்பாவை தடுத்துட்டாங்க. 90 சென்டிமீட்டர் இடைவெளியில நேரா கம்பம் நட்டா வீல்சேர் போகும், கார் போகாது, பைக்குக்கு வாட்ச்மேன்தான் வழி. சாய்தளம் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்கணும், 4 அடியில செங்குத்தா கட்டினது கணக்குலயே சேராது.

சூலூர்ல இருந்து: என்ன மரம் வைக்கலாம்? சீக்கிரம் வளரணும்.

கோனோகார்பஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், குஜராத்துல 2023ல தடையே போட்டாங்க. புங்கை சீக்கிரம் நிழல் கொடுக்கும், நடை பாதைக்கு வேம்பும் பூவரசும், தண்ணி ஓரத்துக்கு மருதம், நீர்மருதுன்னும் சொல்வாங்க, இலுப்பையும் நாவலும் பேரப்பசங்களுக்காக. நாவலை பாதைக்கு மேல வைக்காம கொஞ்சம் தள்ளி வைங்க, பழம் விழுந்து வழுக்கும். புல்தரை கேக்கறவங்களுக்கு, எஸ்டிபியில, அதாவது சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துல, சுத்தம் பண்ணின தண்ணி லைன் வந்தா மட்டும் போடுங்க.

பீளமேட்டுல இருந்து: பராமரிக்க காசு இல்லன்னு தனியாருக்கு விட்டு கட்டணம் வாங்கினா என்ன தப்பு?

சென்னையில 2024 அக்டோபர்ல 9 கால்பந்து திடல்களை தனியார்கிட்ட கொடுத்து ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய்னு தீர்மானம் போட்டாங்க, எதிர்ப்பு வந்து ஓரிரு நாள்லயே வாபஸ் வாங்கினாங்க. 120 ரூபாய் கொடுத்து பந்து உதைக்க முடியாத பசங்கதான் அந்த கிரவுண்டுகள்ல வளர்ந்தவங்க. ஹால்ல ராத்திரி 8 மணிக்கு ஷட்டில் ஆடறவங்ககிட்ட கட்டணம் வாங்குங்க, டீக்கடைக்கு வாடகை வாங்குங்க, பார்க்கிங்குக்கு வாங்குங்க, தப்பே இல்ல. திறந்த மைதானமும் நடைபாதையும் இலவசமா இருக்கட்டும், 16 வயசுக்கு கீழ ஹாலும் இலவசம்னு ஒப்பந்தத்துலயே எழுதுங்க. காலையில 5 மணிக்கு யார் கேட் திறக்கணும், டாய்லெட் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவணும், பல்பு போனா எத்தனை நாள்ல மாத்தணும், இதையும் அதே ஒப்பந்தத்துல சேர்த்து, வாசல்ல போர்டா எழுதி வைக்கச் சொல்லுங்க.