ரூட்டர்ல நாட்டை மாத்தி வச்சா சிக்னல் கூடுமா?

ஐரோப்பாவுல வாங்கின வைஃபை ரூட்டரை வேற நாட்டுக்குக் கொண்டு போய் வச்சிருக்கற ஒரு வாசகரோட கேள்வி இது. அமெரிக்காவுல வாங்கின போன்ல மட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அப்பப்போ பேரே காட்ட மாட்டேங்குதாம், 5 கிகாஹெர்ட்ஸ் நல்லா போயிட்டு இருக்கும்போதே திடீர்னு கட்டாயிடுதாம், செட்டிங்ஸ்ல நாட்டை அமெரிக்கான்னு மாத்தினா பவர் கூடும்னு ஒரு நண்பர் சொல்றாராம், மாத்தலாமா, கூடவே பெரிய ஆன்டெனா மாட்டலாமான்னு கேக்கறார்.

மாத்தாதீங்க. சட்டத்தை விடுங்க, நீங்க எதிர்பாக்கற பலனே அதுல வராது.

முதல்ல போன் விஷயம். 2.4ல உலகத்துல பாதிக்கு மேல 1 முதல் 13 வரைக்கும் சேனல் (அலைவரிசையைத் துண்டு போட்ட பாகம்) உண்டு, அமெரிக்காவுல நடைமுறையில 11 வரைக்கும்தான். 12, 13 அங்க தடைன்னு சட்டத்துல நேரடியா இல்ல, ஆனா 2483.5 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினா வேற சேவைக்கான இடம், அங்க துளிதான் கசியலாம்னு கடுமையான வரம்பு இருக்கறதால கம்பெனிங்க பெரும்பாலும் அந்த ரெண்டையும் பூட்டியே அனுப்பிடறாங்க. உங்க ரூட்டர்ல சேனலைத் தானே தேடிக்கற ஆட்டோ செட்டிங் இருக்கு, அது 13க்குப் போற நேரமெல்லாம் அந்த போனுக்குக் கண்ணு தெரியாது, அவ்ளோதான். ஆட்டோவை எடுத்துட்டு 1, 6, 11ல ஒண்ணை வைங்க, சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்.

5 கிகாஹெர்ட்ஸ் கட்டாகறது ரிப்பேரே இல்ல. சேனல் 52ல இருந்து 144 வரைக்கும் ரேடாரோட பங்கு போட்டுக்கற இடம், அதனால ரூட்டர் அங்க உக்கார்றதுக்கு முன்னாடி 60 செகண்ட் சும்மா காது குடுத்துக் கேக்கணும், நடுவுல ரேடார் மாதிரி எதாவது கேட்டா உடனே எந்திரிச்சு வேற சேனலுக்கு ஓடணும், அரை மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. இதுக்குப் பேரு டிஎஃப்எஸ். 5600ல இருந்து 5650 மெகாஹெர்ட்ஸ் வானிலை ரேடாரோட இடம், ஐரோப்பிய விதிப்படி அங்க 60 செகண்ட் பத்தாது, 10 நிமிஷம் கேக்கணும். பக்கத்துல ரேடாரே இல்லன்னாலும் சில ரூட்டர் தப்பா நினைச்சுக்கிட்டு ஓடும். இந்தத் தொல்லையே வேணாம்னா 36, 40, 44, 48ல ஒண்ணு, அகலத்தையும் 80க்கு மேல ஏத்தாதீங்க, 160 வச்சீங்கன்னா அது பரவி டிஎஃப்எஸ் இடத்துக்குள்ள போயிடும்.

இப்ப நண்பர் சொன்னது. அவர் சொல்றதுல பாதி உண்மை இருக்கு, 2.4ல ஐரோப்பா 100 மில்லிவாட்டோட நிறுத்திடுது, அமெரிக்கா ஆன்டெனா கணக்கையும் சேத்து 4 வாட் வரைக்கும் விடுது. ஆனா வைஃபை ரேடியோ ஸ்டேஷன் மாதிரி ஒரு பக்கம் மட்டும் பேசற சமாச்சாரம் இல்ல, ரூட்டர் எவ்ளோ சத்தமா பேசினாலும் போன் திருப்பிப் பேசறது அதோட சின்ன பேட்டரியை வச்சுதான், அதனால போன்ல கோடு நாலும் காட்டும், பேஜ் மட்டும் திறக்காது. நாட்டை மாத்தினா பவர் மட்டும் மாறாது, எந்தச் சேனல், ரேடாருக்கு எவ்ளோ நேரம் கேக்கணும் எல்லாமே சேந்து மாறிடும், நீங்க இருக்கற ஊர் ரேடாருக்கு அந்த விதி பொருந்தாது. இந்த நாட்டு செட்டிங்கைப் பயனர் கையில விட்டதுக்காகவே 2016ல டிபி-லிங்க்ங்கற ரூட்டர் கம்பெனி, அமெரிக்காவுல அலைவரிசையைக் கட்டுப்படுத்தற எஃப்சிசி அமைப்புக்கு 2 லட்சம் டாலர் கட்டிச்சு, அதுக்கப்புறம் அங்க விக்கற ரூட்டர்ல பெரும்பாலும் அந்த மெனுவே இருக்காது.

ஆன்டெனாவும் அதே கதைதான். ரூட்டரை விக்கறதுக்கு வாங்கற சான்றிதழ் வெறும் பெட்டிக்கு இல்ல, அந்தப் பெட்டி, அந்த சாஃப்ட்வேர், அந்த ஆன்டெனா மூணையும் சேத்து சோதிச்சுக் குடுக்கறது. ரூட்டர் பின்னாடி ஆன்டெனாவைக் கழட்டிப் பாருங்க, சாதாரண எஸ்எம்ஏ கனெக்டர்ல (ஆன்டெனா திருகி மாட்டற வகை) ஊசி எங்க இருக்கணுமோ அங்க ஓட்டை இருக்கும், ஓட்டை இருக்க வேண்டிய இடத்துல ஊசி. கண்டதையும் மாட்ட முடியாத மாதிரி கனெக்டர் இருக்கணும்னு எஃப்சிசி விதி 15ம் பாகத்துல கேட்டதால வந்த ஏற்பாடு அது (இப்ப அந்தக் கனெக்டரே எல்லா இடத்துலயும் கிடைக்குது, அது வேற விஷயம்).

ரூட்டர் ஸ்டிக்கர்ல ‘இடையூறு தரக்கூடாது, வர்ற இடையூறை ஏத்துக்கணும்’னு இருக்கே, அப்படின்னா என்னன்னும் கேட்டிருக்கார். லைசென்ஸ் இல்லாம ஃப்ரீயா பயன்படுத்தற அலைவரிசை, அதனால பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் உங்க வைஃபையைக் கெடுத்தா புகார் பண்ண உரிமை கிடையாது, ஆனா நீங்க ரேடாரைக் கெடுத்தா அணைக்கச் சொன்னதும் அணைக்கணும்.

அந்த ரூட்டர்ல எஃப்சிசி ஐடியும் (எஃப்சிசி அனுமதி எண்) இருந்தா எஃப்சிசி தளத்துல போட்டுத் தேடுங்க, டெஸ்ட் ரிப்போர்ட், உள்பக்கப் போட்டோ எல்லாம் வரும். பல மாடல்ல சேனல் 1லயும் 11லயும் பவரைக் குறைச்சு 6ல மட்டும் முழுசா விட்டிருப்பாங்க, ஓரத்துல வெளிய கசியக் கூடாதுங்கறதுக்காக.

பெட்டிக்குள்ள டிஎஸ்எல் மோடமும் (டெலிபோன் லைன்ல இன்டர்நெட் எடுக்கறது) சேந்து இருந்தா இன்னொண்ணு பாக்கணும், டிஎஸ்எல் லைன்ல அனெக்ஸ் ஏ, அனெக்ஸ் பின்னு வகை உண்டு, ஜெர்மனியில வாங்கினது அனெக்ஸ் பி வகையா இருக்கலாம், அனெக்ஸ் ஏ லைன்ல அது இணையாது, எந்த செட்டிங் மாத்தியும் பிரயோஜனம் இல்லாம போகலாம், அப்ப அதை வெறும் ரூட்டரா மட்டும் வச்சுக்கிட்டு உங்க இன்டர்நெட் கம்பெனி குடுக்கற மோடம்ல இருந்து கேபிள் இழுத்துக்கோங்க. சிக்னல் எட்டாத ரூமுக்கும் இதே வழிதான், ஒரு கேபிளை இழுத்து அந்த முனையில இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிள்ல வர்றதை வைஃபையா விடற பெட்டி) வைங்க, ரெண்டுலயும் இப்ப நீங்க இருக்கற நாட்டையே செட் பண்ணுங்க, சேனல் மட்டும் ஒண்ணுல 1, இன்னொண்ணுல 6.