ஏற்றத்தில் நடங்கள், இறக்கத்தைப் பழகுங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயது 39, பாடசாலை ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். சில வருஷங்களாக ஓடுகிறேன். விடியற்காலையில் காலிமுகத்திடல், ஞாயிற்றுக்கிழமைகளில் தியவன்னா ஓயாக் கரை. கொழும்பில் ஒரு முழு மரதன் ஓடி முடித்த துணிச்சலில், மலையகத்தில் நடந்த 50 கிலோமீற்றர் ட்ரெயில் (காட்டு, மலைப் பாதை ஓட்டம்) போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். மொத்த ஏற்றம் 2,000 மீற்றர். பாதித் தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு நீண்ட இறக்கத்தில் தொடை இரண்டும் நடுங்கத் தொடங்கிவிட்டன. ஒரு ஐபுபுரோஃபென் குளிசை போட்டேன். கடையில் வாங்கிக்கொண்டு போன, ஓடும்போது சாப்பிடும் சர்க்கரை ஜெல் வயிற்றில் நிற்கவில்லை, வாந்தி எடுத்தேன். தண்ணீரை மட்டும் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை விடாமல் குடித்தேன். தலையிடித்தது, விரல் வீங்கி மோதிரம் இறுகிவிட்டது. 32ஆவது கிலோமீற்றர் செக் பொயின்டுக்குப் பத்து நிமிஷம் பிந்திப் போனதால் நிறுத்திவிட்டார்கள். வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன், திங்கட்கிழமை அவர்கள் முகத்தில் முழிக்கவே கூச்சமாக இருந்தது. “காடு மேடெல்லாம் ஓடி என்னத்தைக் கண்டாய்?” என்கிறார் அம்மா. இது எனக்குச் சரிவராதா? ரோட்டோடு நிறுத்திக்கொள்ளட்டா?

— பெயர் வேண்டாம், கொழும்பு 6

பதில்: அன்புள்ள தங்கச்சி, நிறுத்த வேண்டாம். ஆனால் மறுபடி பெயர் கொடுக்கும் முன் சில விஷயங்களை நன்றாகக் கதைத்துவிட வேண்டும். நீங்கள் வெட்கத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டு மோதிரத்தைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தந்தது அந்த ஒரு வரிதான்.

விரல் வீக்கம், தலையிடி, வாந்தி. கூடவே மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் குடித்தது. இவை சேர்ந்து வந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். வியர்வையிலும் சிறுநீரிலும் வெளியேறுவதை விடக் கூடுதலாகத் தண்ணீர் உள்ளே போனால் இரத்தத்தில் இருக்கும் உப்பு ஐதாகிவிடும். முற்றினால் ஆளுக்குத் தடுமாற்றம் வரும், வலிப்பு வரும், உயிரே போகலாம். நீண்ட தூர ஓட்டங்களில் இப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று இங்கே இருந்துகொண்டு என்னால் அடித்துச் சொல்ல முடியாது. உங்கள் வைத்தியரிடம் இந்த அறிகுறிகளை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். அடுத்த போட்டிக்கு முன் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

ஏன் இப்படி நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் பழகியது கொழும்பு வெயிலில். இங்கே காலை ஏழு மணிக்கே மேற்சட்டையைப் பிழியலாம், அதனால் போத்தல் போத்தலாகக் குடிக்கப் பழகிவிட்டீர்கள். மலையில் ஆயிரம் மீற்றர் ஏறினாலே ஆறு பாகை அளவு குளிர்ந்துவிடும். வியர்வை குறைந்தது, குடிக்கும் கணக்கு மட்டும் கொழும்புக் கணக்காகவே இருந்தது. போதாக்குறைக்கு அந்தக் குளிசை. ஐபுபுரோஃபென் வகை மருந்துகள் நீண்ட ஓட்டத்தில் சிறுநீரகத்துக்குக் கெடுதி, உடம்பு தண்ணீரை வெளியேற்றுவதையும் தடுக்கும். ஓடும்போது அதைத் தொடவே வேண்டாம். வலி தாங்காவிட்டால் வேகத்தைக் குறையுங்கள், உட்காருங்கள், தேவையானால் விலகுங்கள்.

இனித் தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காவிட்டால் விடுங்கள். வீட்டில் ஒரு தராசு இருந்தால் நீண்ட ஓட்டத்துக்குப் போகும் முன்னும் வந்த பிறகும் எடை பாருங்கள். திரும்பி வரும்போது எடை சற்றுக் குறைந்திருப்பதுதான் இயல்பு. கூடியிருந்தால் அளவுக்கு மிஞ்சிக் குடித்திருக்கிறீர்கள். ஜீவனி (உப்பும் சர்க்கரையும் கலந்த தூள்) பக்கற்றைச் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து ஒரு போத்தலில் வைத்திருங்கள், ஆனால் அது இருக்கிறதே என்று அளவில்லாமல் குடிக்கக் கூடாது. இளநீர் போதும் என்று நம்மவர்கள் சொல்வார்கள். இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. எனக்கும் செவ்விளநீர் விருப்பம்தான், ஆனால் அதை ஓட்டம் முடிந்த பிறகு ஆறுதலாகக் குடிப்பேன்.

அடுத்தது உங்கள் தொடை. மரதன் ஓடிய கால்கள் பாதி வழியில் ஏன் நடுங்கின? காலில் குறை இல்லை. இறக்கம் என்ற ஒன்றை அவை கண்டதே இல்லை. காலிமுகத்திடலில் எத்தனை தடவை போய் வந்தாலும் ஒரு தென்னை உயரம்கூட இறங்க மாட்டீர்கள். இறங்கும்போது முன் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. தசை நார்கள் நுண்ணியதாகச் சிதைவது அப்போதுதான். இரண்டாம் நாள் படி இறங்கக் கைப்பிடியைத் தேடியிருப்பீர்களே, அதுவும் இதனால்தான். நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை இறக்கத்தில் நன்றாக அடி வாங்கிய தசை அடுத்த சில கிழமைகளுக்கு அதே வேலையை மிகக் குறைந்த சேதத்தோடு செய்யும். அதாவது பழக்கினால் பழகிவிடும்.

கொழும்பில் எங்கே மலை என்று கேட்காதீர்கள். உங்கள் வெள்ளவத்தையில்தான் தொடர்மாடிக்குக் குறைவில்லையே. தெரிந்தவர்கள் இருக்கும் ஒரு தொடர்மாடியில் செக்கியூரிட்டியிடம் சொல்லிவிட்டு, கிழமைக்கு ஒருநாள் படியில் ஏறி இறங்குங்கள். இறங்குவதற்கு லிஃப்ட் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், உங்களுக்கு வேண்டியதே அந்த இறக்கம்தான். முதல் நாள் கொஞ்சமாகச் செய்யுங்கள், வலி ஆறிய பிறகு கூட்டுங்கள். போட்டிக்கு முந்திய இரண்டு கிழமையும் இதை விட்டுவிடுங்கள்.

எப்படி இறங்குவது என்பதை நான் கற்றது ஓட்டக்காரர்களிடம் இல்லை, தேயிலைக் கொழுந்து எடுக்கும் அக்காமாரிடம். நோர்வூட் பக்கம் ஒரு மழை நாளில், செங்குத்தான மலைப் படியில் கொழுந்து நிறைந்த பையைச் சுமந்துகொண்டு ஒருவர் எனக்கு முன்னால் இறங்கினார். முழங்காலை ஒருபோதும் விறைப்பாக நீட்டவில்லை. ஒரே எட்டில் போகும் தூரத்துக்கு இரண்டு அடி வைத்தார், குட்டி அடிகள், படபடவென்று. பாதம் உடம்புக்கு நேர் கீழே விழுந்தது, முன்னால் எட்டிப் போய் விழவில்லை. பார்வை காலடியில் இல்லாமல் நாலைந்து படி தள்ளி இருந்தது. விலையுயர்ந்த சப்பாத்தோடு பின்னால் போன நான் குதிகாலை ஊன்றி ஊன்றிப் பிரேக் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவர் நடந்த மாதிரியே இறங்கிப் பழகினேன். இப்போது நீண்ட இறக்கம் முடிந்த பிறகும் தொடையில் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்கிறது. நாம் போட்டி என்று பணம் கட்டி ஓடும் இந்தப் பாதைகள் அவர்களுக்குத் தினமும் வேலைக்குப் போகும் வழி. எதிரே வந்தால் நின்று வழிவிட்டு, இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுப் போங்கள். முன்னால் பாதை எப்படி இருக்கிறது என்று அவர்களை விட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாருமில்லை.

ஏற்றத்துக்கு வருவோம். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் முதல் பாதியில் ஏற்றங்களையும் ஓடித்தான் ஏறியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ரோட்டில் ஓடிப் பழகியவர்களுக்கு நடப்பது தோல்வி மாதிரித் தோன்றும். ட்ரெயிலில் அப்படி இல்லை. செங்குத்தான இடத்தில் ஓடுவதை விட நடப்பது சக்தியை மிச்சப்படுத்தும், உலகத்தின் முன்னணி வீரர்களே அங்கே நடக்கிறார்கள். கையைத் தொடையில் ஊன்றி, மூச்சு வாங்காமல் ஒரு வசனம் முழுதாகப் பேசக்கூடிய வேகத்தில் ஏறுங்கள். 50 கிலோமீற்றர் என்ற எண்ணையும் மறந்துவிடுங்கள். ட்ரெயில் ஓட்டத்தில் நூறு மீற்றர் ஏற்றத்தை ஒரு கிலோமீற்றராகக் கூட்டிக் கணக்குப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் போட்டி 70 கிலோமீற்றர். மரதனை விட எட்டுக் கிலோமீற்றர்தானே கூட என்று நினைத்துப் போயிருந்தால், தவறியது அந்தக் கணக்கு.

வயிற்று விஷயம். ஓடும்போது இரத்தம் தசைக்கும் தோலுக்கும் ஓடிவிடும், குடலுக்குக் கிடைப்பது சொற்பம். அந்த நேரத்தில் முன்பின் பழகாத ஜெல்லைக் கொடுத்தால் அது திருப்பித்தான் அனுப்பும். மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் காபோவைதரேற்று (மாப்பொருளும் சர்க்கரையும்) உள்ளே போக வேண்டும், அதுவும் பசி தெரியும் முன்னாலேயே, முதல் மணித்தியாலத்திலிருந்தே. நடுத்தரமான வாழைப்பழம் ஒன்றில் கிட்டத்தட்ட 25 கிராம் இருக்கிறது. உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கு, பேரீச்சம்பழம், பனங்கட்டித் துண்டு எல்லாம் நன்றாக வேலை செய்யும். எள்ளுப்பாகு எனக்குப் பிடிக்கும், ஆனால் அதில் எண்ணெய் கூட என்பதால் மெதுவாகப் போகும் நேரத்துக்குத்தான் சரி. எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களில் தின்று பழகிய பிறகே போட்டிக்குக் கொண்டுபோங்கள். குடலும் பழக்கத்துக்கு வரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகத்தை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டுங்கள். இறக்கத்தில் பெருவிரல் இடிக்காத அளவுக்குச் சப்பாத்து முன்னால் கொஞ்சம் இடம்விட்டு இருக்கட்டும். அட்டைக்கு நீண்ட காலுறையும் சவர்க்காரமும் போதும், கடித்ததைப் பார்த்துப் பதறாதீர்கள். இருட்டில் மாட்ட வாய்ப்பிருந்தால் நெற்றியில் கட்டும் விளக்கோடு ஒரு கை டோர்ச்சும் வேண்டும். மலைப் பனிமூட்டத்தில் நெற்றி விளக்கைப் போட்டால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு முகத்துக்கே திரும்பி வரும், முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். டோர்ச்சை இடுப்பு உயரத்தில் பிடித்துப் பாருங்கள், கல்லும் வேரும் நிழலோடு துலங்கும்.

வகுப்புப் பிள்ளைகள் முகத்தில் முழிக்கக் கூச்சம் என்று எழுதியிருந்தீர்கள். கோர்ட்னி டவால்ட்டர் என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றிச் சொல்லுங்கள். அவரும் உங்களைப் போல ஆசிரியையாக இருந்தவர், படிப்பித்தது விஞ்ஞானம். 2012இல் முதன்முதலாக 100 மைல் போட்டிக்குப் போய் 60 மைல் அளவில் விலகிக்கொண்டார். அதே பெண் 2023இல் ஒரே கோடைகாலத்தில் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், ஹார்ட்ராக், மொன் பிளாங் மலையைச் சுற்றி ஓடும் யூ.டி.எம்.பி. ஆகிய, நூறு மைல் அளவிலான மூன்று போட்டிகளிலும் பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்தார். அந்த யூ.டி.எம்.பி. போட்டி 2003இல் முதன்முறை நடந்தபோது எழுநூறுக்கு மேற்பட்டவர்கள் புறப்பட்டார்கள், மோசமான காலநிலையில் முழுச் சுற்றையும் முடித்தவர்கள் 67 பேர். மற்ற அத்தனை பேரும் உங்களைப் போல எங்கோ ஓரிடத்தில் நின்றவர்கள்தான். பிள்ளைகளிடம் மறைக்காமல் 32 கிலோமீற்றர் என்றே சொல்லுங்கள். ஏன் நின்றது என்பதையும் உப்பு, தண்ணீர், தசை என்று விளக்குங்கள். நல்ல விஞ்ஞானப் பாடம் அது, ஆர்வமாகக் கேட்பார்கள்.

அம்மாவின் கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ஒன்று, இதில் என்ன இருக்கிறது என்ற புதிர் இன்னொன்று. புதிரை விடுங்கள், அதை விளக்கி யாரும் யாரையும் சம்மதிக்க வைத்ததாக நான் காணவில்லை. பயத்துக்குத்தான் பதில் தேவை, அந்தப் பயம் நியாயமானதும்கூட. வாந்தி எடுத்து வீங்கி வந்த மகளை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். வைத்தியரைப் பார்த்ததைச் சொல்லுங்கள், தனியாகக் காட்டுக்குள் போவதில்லை என்று சொல்லுங்கள், பாதையின் படத்தையும் செக் பொயின்ட் நேரங்களையும் அவர் கையில் கொடுங்கள். எந்த நேரம் எங்கே இருப்பீர்கள் என்று தெரிந்தாலே பாதிப் பயம் இறங்கிவிடும்.

உடனே இன்னொரு 50க்குப் பெயர் கொடுக்காதீர்கள். நாலைந்து மாதம் படியும் உணவும் பழகிவிட்டு, 25 கிலோமீற்றர் அளவில் ஒன்று ஓடிப் பாருங்கள். அதற்கு முன் பீக்கோ ட்ரெயில் என்ற மலையக நடைபாதையில் ஓரிரு கட்டங்களை நடந்து வாருங்கள். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, ஹப்புத்தளை என்று தோட்டங்களுக்குள்ளாலேயே போகும், வழி கேட்கத் தமிழே போதும். பதுளை இரவு ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டு, வெள்ளி இரவு கோட்டையில் அதைப் பிடித்தால் விடியும்போது மலையில் நிற்பீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கம் பருவமழை, சித்திரையில் பின்னேரங்களில் இடி மின்னல். தை முடிந்து பங்குனிக்குள் போனால் பெரும்பாலும் வானம் ஒத்துழைக்கும். பாடசாலைத் தவணையைப் பார்த்து நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட வர இரண்டு பேரை இப்போதே கேட்டு வையுங்கள்.