வருஷா வருஷம் ஏசி கேஸ் தீர்ந்துபோகுமா?

கேள்வி: கார் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. மூன்று கோடையாக ஏப்ரல் பிறந்தால் ஏசி குளிர்வதில்லை. மெக்கானிக் ‘கேஸ் தீர்ந்துபோச்சு’ என்று நிரப்பிவிட்டு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறார். நன்றாகக் குளிர்கிறது, அடுத்த கோடையில் மறுபடி அதே கதை. இது வழக்கம்தானா?
- வாசகர், வேலூர்

பதில்: வழக்கமில்லை. ஏசி கேஸ் எரிந்து தீர்கிற பொருளே இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ வெளியேறுகிறது என்றுதான் அர்த்தம். ரப்பர் ஹோஸ் வழியாக மிக மெதுவாகக் கொஞ்சம் போகும் என்பது உண்மை. அதனால் ஐந்தாறு வருடத்தில் ஒருமுறை கேஸ் சேர்த்தால் குற்றமில்லை. கோடைக்குக் கோடை நிரப்ப வேண்டியிருந்தால் அது லீக்.

அந்த லீக்கைத் தேடாமல் கேஸ் அடிப்பவரிடம் மூன்று முறை பணம் கொடுத்துவிட்டீர்கள். நான்காவது முறை கொடுப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து நீங்களே ஒருமுறை பாருங்கள். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸருக்கான எண்ணெயும் கேஸோடு கலந்தே சுற்றுகிறது. கசியும் இடத்தில் கேஸ் காற்றில் போய்விடும், எண்ணெய் தங்கிவிடும், அதன்மேல் தூசி படியும். அலுமினியக் குழாய்கள் சேருமிடத்தில், கம்ப்ரஸர் ஓரத்தில், கேஸின் சூட்டை வெளியே விடும் முன்பக்கக் கண்டன்சரின் மூலைகளில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒரு திட்டு தெரிகிறதா? பாதி வேலை முடிந்தது. கேஸ் ஏற்றும் வால்வுகளுக்குப் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். அவசரத்தில் அதைத் தொலைத்துவிட்டுப் போகிற மெக்கானிக்குகள் உண்டு. வால்வுக்குள் இருக்கும் ஊசியோ, ஓரிங் என்ற ரப்பர் வளையமோ போயிருந்தால் செலவு சில நூறோடு முடிந்துவிடும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் ஓட்டையாகியிருந்தால் பெரிய செலவு. பல கார்களில் டேஷ்போர்டையே இறக்க வேண்டிவரும்.

கடையில் என்ன கேட்பது? முதலில் லீக் டெஸ்ட். நைட்ரஜனை ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள், சோப்பு நுரை தடவுவார்கள், அல்லது சாயம் கலந்து புறஊதா விளக்கில் தேடுவார்கள். எதுவானாலும் சரி, லீக் எங்கே என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு. சரிசெய்ததும் வேக்கம் போட்டு உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் அது முடியாது, அரை மணி நேரமாவது ஓடட்டும். அப்புறம் கேஸ். எந்த வகை, எத்தனை கிராம் என்று பானெட்டின் அடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் ஆர்-134ஏ. அந்தக் கிராம் அளவில் எடை போட்டு ஏற்றுவதுதான் சரியான முறை. மீட்டர் முள்ளை மட்டும் பார்த்து ‘இன்னும் கொஞ்சம் போகட்டும்’ என்று ஏற்றுபவரிடம் கவனமாக இருங்கள். அளவுக்கு மேல் கேஸ் இருந்தாலும் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸருக்கும் கேடு.

பில் வாங்குங்கள். அதில் லீக் டெஸ்ட், மாற்றிய பாகம், ஏற்றிய கிராம் மூன்றும் இருக்கட்டும். பில் இருந்தால்தான் அடுத்த மாதமே குளிர்ச்சி போனால் கேட்க முடியும். கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

கேள்வி: ஜி.எஸ்.டி. ரோட்டில் வேகமாகப் போனால் ஏசி ஜில்லென்று இருக்கிறது. சிக்னலில் நின்றால் இரண்டு நிமிடத்தில் வெறும் காற்றுதான் வருகிறது. கேஸ் குறைவு என்கிறார்கள்.
- வாசகர், தாம்பரம்

பதில்: இருக்கலாம், ஆனால் அங்கே தொடங்காதீர்கள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டன்சரின் சூட்டைக் கொண்டுபோய்விடும். நின்றால் அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பாருங்கள். ஃபேன் சுற்றவே இல்லையா, சோம்பலாகச் சுற்றுகிறதா? கையை மட்டும் அருகில் கொண்டுபோக வேண்டாம், சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பித்துவிடும். ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேன் ஒழுங்காக இருந்தால் கண்டன்சரில் சேறும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவலாம். வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக்கொள்ளும்.

பல கார்களில் ரேடியேட்டருக்கும் அதே ஃபேன்தான். எஞ்சின் சூட்டு முள் ஏறினால் ஏசியை நிறுத்திவிட்டு ஓரம்கட்டுங்கள்.

கேள்வி: மலையேறும்போது மழையில் கண்ணாடி மங்கி ரோடே தெரிவதில்லை. ஹீட்டர் போடு என்கிறார் ஒருவர், ஏசி போடு என்கிறார் இன்னொருவர். ஹீட்டர் போட்டால் மைலேஜ் குறையாதா?
- வாசகர், குன்னூர்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி, இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும். காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். உள்காற்றையே சுற்றவிட்டால் நான்கு பேர் விடும் மூச்சின் ஈரம் வெளியேற வழியில்லை.

இதற்கு முன் விரலால் கண்ணாடியின் உட்புறம் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு தெளிந்தால் மங்கல் உள்ளே. தெளியாவிட்டால் வெளியே, அதாவது ஏசி கண்ணாடியை அதிகமாகக் குளிர்வித்துவிட்டது. வைப்பர் போட்டு, குளிரைக் குறைத்தால் போதும். சென்னையில் மழைக்கால இரவுகளில் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

பெட்ரோல், டீசல் கார்களில் ஹீட்டர் எஞ்சினின் வீண் சூட்டை எடுத்துக்கொள்வதால் மைலேஜ் பயம் வேண்டாம், கூடச் சேர்த்துப் போடும் ஏசிதான் கொஞ்சம் எரிபொருள் கேட்கும். மின்சாரக் காரில் ஹீட்டரும் பேட்டரியைத்தான் குடிக்கும். எஞ்சின் சூடான பிறகும் சூடான காற்று வராவிட்டால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் அளவைப் பாருங்கள், எஞ்சின் ஆறிய பிறகு. இனிப்பு வாடையும் கண்ணாடியில் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து வந்தால் ஹீட்டர் காயில் கசிகிறது, தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: லோடு இறக்கும் வரை ஏசி போட்டு வண்டியிலேயே தூங்கலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலோ, மூடிய ஷெட்டுக்குள் நிறுத்தியிருந்தாலோ கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போன சம்பவங்கள் உண்டு. எஞ்சினை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நிழலில் படுங்கள்.

கேள்வி: புளோயர் 1, 2, 3-இல் காற்றே இல்லை, 4-இல் மட்டும் வருகிறது. மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள்.
- அதே வாசகர்

பதில்: 4-இல் ஓடுகிற மோட்டார் எப்படிப் போயிருக்கும் என்று கேளுங்கள். திருகும் குமிழ் வைத்த கார்களில் இது பெரும்பாலும் கீழ் வேகங்களுக்குக் கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டரின் கோளாறு, மோட்டாரைவிட மிகக் குறைந்த விலை. புது ரெசிஸ்டரும் சீக்கிரம் எரிந்தால் மட்டும் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரையும் உருவிப் பார்த்துவிடுங்கள், அது அடைத்திருந்தால் 4-இலும் காற்று குறைவாகத்தான் வரும்.