பத்துப் பேர் குழுவில் இரண்டு பேர் மட்டும் பேசினால்

குழுவை இரண்டு பேராகக் குறையுங்கள். பேசச் சொல்வதற்கு முன் ஆளுக்கு இரண்டு நிமிடம் விடையை எழுத விடுங்கள். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நீங்கள் எடுக்கும் முதலாம் வருட வகுப்பில் "மற்ற எட்டுப் பேரும் கொப்பியையே பார்க்கிறார்கள்" என்றீர்கள். பத்துப் பேருக்குள் ஒளியலாம், இரண்டு பேருக்குள் முடியாது.

காரணம் அநேகமாக மொழிதான். உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை, ஆங்கிலத்தில் பிழை விட்டால் சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொள்ளும். (கச்சான் காற்றின் வெக்கையில் மத்தியானம் 2 மணி வகுப்பென்றால் அது வேறு கதை.)

சோதித்துப் பாருங்கள்: ஒரு வகுப்பில் சோடிகள் தமிழில் பேசட்டும், முடிவை மட்டும் ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதித் தரட்டும். சத்தம் கூடினால் சிக்கல் மொழிதான். எனக்கு அப்படித்தான் பிடிபட்டது. ஒரு நாளும் வாய் திறக்காத பிள்ளை, பக்கத்தில் இருந்தவளின் பேனையைப் பறித்து வரைபடத்தைத் திருத்தியது.

அப்படியும் மௌனம் என்றால் கேள்வியைப் பாருங்கள். ஹார்வர்டில் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பௌதிக வகுப்பில் செய்தது இதுதான்: பல்தேர்வு வினா, விடைக்குத் தனியே வாக்கு, பக்கத்தவரோடு விவாதம், மறுபடி வாக்கு. முதல் வாக்கில் ஏறக்குறைய 30 முதல் 70 வீதம் பேர் சரியாகச் சொன்னால்தான் விவாதம் சூடு பிடிக்கும். எல்லோருக்கும் தெரிந்த விடையைப் பற்றி என்னத்தைப் பேசுவது?

ஒன்று கவனம்: வகுப்பில் சிங்கள மாணவர்கள் இருந்தால் தமிழ் உரையாடல் அவர்களை ஒதுக்கிவிடும். சோடிகளை நீங்களே சேர்த்து விடுங்கள்.