கழுதை ஆடலாம், வாருங்கள்!

கேள்வி: பொங்கல் லீவுக்கு எங்கள் வீட்டில் 10 பேர் கூடுவோம். மாமியாருக்கு 70 வயது, கடைக்குட்டிக்கு 7. ரம்மி எல்லோருக்கும் பிடிபடுவதில்லை. எல்லோரும் சேர்ந்து ஆட ஒரு சீட்டாட்டம் சொல்லுங்களேன். - வாசகி, தேவகோட்டை

பதில்: யோசிக்கவே வேண்டாம், கழுதை ஆடுங்கள். சில வீடுகளில் இதையே ஆஸ் என்பார்கள். 52 சீட்டையும் மிச்சமில்லாமல் எல்லோருக்கும் பங்கிட்டுப் போட்டுவிட வேண்டும். ஸ்பேட் (கறுப்பு இலைச் சின்னம்) ஆஸ் (A) வைத்திருப்பவர் அதை இறக்கி ஆரம்பிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு ஸ்பேட் போட, சுற்று முடிந்ததும் அந்தச் சீட்டுகள் ஓரமாகப் போய்விடும். பெரிய சீட்டு போட்டவர் அடுத்த சுற்றைத் தொடங்குவார். உதாரணமாக, அவர் ஆர்ட்டின் (இதயச் சின்னம்) இறக்கும்போது கையில் ஆர்ட்டினே இல்லாதவர் வேறு எதையாவது போட்டு வெட்டலாம். (முதல் சுற்றில் மட்டும் வெட்டு கிடையாது.) வெட்டு விழுந்ததும் சுற்று அங்கேயே நின்றுவிடும். அதுவரை பெரிய ஆர்ட்டின் போட்டவர் தரையில் கிடப்பதை எல்லாம் வாரிக்கொள்ள வேண்டும். கைச்சீட்டு தீர்ந்தவர் தப்பினார். கடைசியில் சீட்டோடு மாட்டுபவர் கழுதை.

10 பேருக்கும் தனித்தனியாகப் போட்டால் கைக்கு 5, 6 சீட்டுதான் வரும், சூடு பிடிப்பதற்குள் முடிந்துவிடும். ஜோடி சேருங்கள். மாமியாரும் கடைக்குட்டியும் ஒரு கை. 5 கை என்றால் மூவருக்கு 10, இருவருக்கு 11. பாட்டிக்கு எண் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, பிள்ளைக்கு அத்தனை சீட்டை விசிறி மாதிரிப் பிடிக்க வராது. ஒரு நோட்டைக் கூடாரம் போல நிறுத்தி அதில் சீட்டுகளைச் சாய்த்து வைத்தால் இருவருக்கும் வசதி.

ஒரு சூட்சுமம் உண்டு. ஆர்ட்டின் மொத்தம் 13. 5 கை ஆடும்போது முழுசாக 2 சுற்று ஓடினால் 10 போய்விடும், மிச்சம் 3. அப்புறம் யார் ஆர்ட்டின் இறக்கினாலும் வெட்டு நிச்சயம். அதனால் ராஜா, ராணியை எல்லாம் முதல் 2 சுற்றிலேயே தள்ளிவிட வேண்டும், 2, 3 போன்ற பொடிச் சீட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். விரல் விட்டு எண்ணத் தெரிந்தால் போதும்.

கேள்வி: சீட்டு என்றாலே சூது என்கிறார் மாமனார். என்ன செய்வது? - வாசகர், திண்டுக்கல்

பதில்: ரம்மியே பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அவரிடம் போய்த் தீர்ப்பை நீட்டாதீர்கள். சீட்டில் நிலத்தைத் தொலைத்தவர்களைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது. கழுதையில் புள்ளிக் கணக்கே கிடையாது, காசு வைக்க ஒன்றுமில்லை. ஒரு ஆட்டம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தோற்றால் என் மகள் அழுகிறாள். அவளுக்காக விட்டுக்கொடுத்து ஆடலாமா? - வாசகி, ஓசூர்

பதில்: கூடாது, தாயே. இதில் நான் பிடிவாதக்காரி. பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும், அப்புறம் ஜெயித்தாலும் அவர்களுக்கு ருசிக்காது.

போன தீபாவளிக்கு என் அண்ணன் டைமன் ராஜாவை இறக்கினார். அடுத்து இருந்த பேத்தி கையில் டைமனே இல்லை. கிளாவர் 9-ஐப் போட்டு வெட்டிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். 40 வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர் அவர். பேசாமல் 2 சீட்டையும் எடுத்துக் கையில் அடுக்கிக்கொண்டு, "நல்லாப் போட்டே" என்றார். அந்த ஆட்டத்தில் அவர்தான் கழுதை. கழுதை ஆனவர் அடுத்த ஆட்டத்துக்குக் கலைத்துப் போட வேண்டும், எங்கள் வீட்டில் அவ்வளவுதான் தண்டனை. போட்டார். அன்று இரவு அவள் இரண்டு தடவை கழுதையானாள், அழவில்லை.

உங்கள் மகளையும் ஒரு வாரம் உங்களோடு ஜோடியாக உட்கார வையுங்கள். எந்தச் சீட்டை இறக்குவது என்று அவளே சொல்லட்டும். தோற்றால் இருவரும் சேர்ந்தே கழுதை ஆகிறீர்கள், சேர்ந்தே கலைத்துப் போடுங்கள்.