வான்தூரக் கணக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: கட்டுநாயக்கா (கொழும்பு விமான நிலையம்) – மாலே (மாலைத்தீவின் தலைநகர்) வான்தூரம், அதாவது வானில் நேர்கோட்டுத் தூரம், ஓரிடத்தில் 420, இன்னோரிடத்தில் 483, வேறோரிடத்தில் 777 என்று இருக்கிறது. எது சரி?

மூன்றும் சரி. 420 கடல் மைல், 483 தரை மைல், 777 கிலோமீட்டர், தூரம் ஒன்றேதான். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., ஒரு தரை மைல் 1.609 கி.மீ. விமானிகள் புழங்குவது கடல் மைல். அலகைப் போடாமல் எண்ணை மட்டும் போடுகிறவர்களால் வரும் வம்பு இது.

கேள்வி: இதை நாமே கணக்கிட முடியுமா?

கால்குலேட்டர் இருந்தால் போதும். கட்டுநாயக்கா வடக்கு 7.18, கிழக்கு 79.88 டிகிரி. மாலே விமான நிலையம் வடக்கு 4.19, கிழக்கு 73.53. அட்சரேகை வித்தியாசம் 2.99, டிகிரிக்கு 60 கடல் மைல் வீதம் 179. தீர்க்கரேகை வித்தியாசம் 6.35; அதே வீதத்தில் 381. ஆனால் துருவத்தை நெருங்க நெருங்கத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கும். அதனால் இந்த 381ஐ மட்டும் நடு அட்சரேகையான 5.7 டிகிரியின் கோசைனால் (கால்குலேட்டரின் cos பொத்தான்), அதாவது 0.995ஆல், பெருக்குங்கள்: 379. இனி பிதாகரஸ். 179, 379 இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 419 வரும். மிச்சம் ஒரு மைல், தசமங்களைச் சுருக்கியதில் போனது.

பலர் சறுக்குவது டிகிரி–நிமிடத்தில். 79 டிகிரி 53 நிமிடம் என்பதை 79.53 என்று எழுதினால் ஏறக்குறைய 39 கி.மீ. இடம் மாறிவிடும், 53ஐ 60ஆல் வகுத்து 79.88 என்றே எழுத வேண்டும். அடுத்தது, நிலையத்துக்குப் பதில் நகரத்தின் ஆயத்தொலையைப் போடுவது. கட்டுநாயக்கா கொழும்புக்கு வடக்கே 30 கி.மீ. தள்ளி இருக்கிறது; கொழும்பு நகரத்தை வைத்தால் விடையில் 14 கி.மீ. குறையும். மாலே நிலையமும் நகரத் தீவில் இல்லை, பக்கத்து ஹுல்ஹுலே தீவில்தான்.

ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டினால் இந்தச் சமதளக் கணக்கை விட்டுவிட்டு, பூமியின் வளைவையும் கணக்கில் எடுக்கும் ஹாவர்சைன் சூத்திரத்துக்குப் போங்கள். பிஜியின் நாடியிலிருந்து சமோவாவின் அப்பியாவுக்குக் கணக்கிடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒன்று கிழக்கு 177, மற்றது மேற்கு 172. கூட்டினால் 349 டிகிரி வந்து, பூமியையே சுற்றி வருவீர்கள். 360இலிருந்து கழித்தால் கிடைக்கும் பத்துச் சொச்சம் டிகிரிதான் உண்மையான இடைவெளி.

கேள்வி: மணிக்கு 830 கி.மீ. போகும் ஜெட்டுக்கு 777 கி.மீ. கடக்க அட்டவணையில் ஏன் ஒன்றரை மணி நேரம்?

அட்டவணை நேரம், வாயிலை விட்டுப் புறப்படுவதிலிருந்து அடுத்த வாயிலில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் சேரும். 36,000 அடியிலிருந்து இறங்க, ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் வீதம் 108 மைல் வேண்டும். மொத்தப் பாதையில் கால்வாசி அது. ஏறுவதற்கும் தனியாக ஒரு பங்கு போகும். முழு வேகத்தில் பறப்பது நடுவில் கொஞ்ச நேரம்தான்.

டிக்கெட்டைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். மாலைத்தீவு நேரம் இலங்கையைவிட அரைமணி பின்தங்கியது. போகும்போது ஒரு மணி நேரம் போலவும் திரும்பும்போது இரண்டு மணி நேரம் போலவும் தெரியும்.

கேள்வி: மிகக் குறுகிய விமானப் பயணம் எது?

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே. 2.7 கி.மீ. அட்டவணையில் 2 நிமிடம். காற்று ஒத்துழைத்த ஒரு நாளில் 53 விநாடியில் முடிந்திருக்கிறது.