கடிதத்தில் 'பைரெக்சியா' என்று எழுதியிருக்கிறதே, டாக்டர்?

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் என் அப்பாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். கிளினிக்கில் கொடுத்த கடிதத்தில் 'பைரெக்சியா' என்று இருக்கிறது. ஏதாவது பெரிய வியாதியா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அந்தச் சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சகோதரி. பைரெக்சியா என்றால் காய்ச்சல்தான். பழைய கிரேக்கத்தில் 'பிர்' என்றால் நெருப்பு; அதிலிருந்து காய்ச்சலுக்குப் 'பிரெட்டோஸ்' என்று பேர் வந்தது. அதே வேரில் பிறந்ததுதான் இந்த மருத்துவச் சொல். சிலர் 'ஃபெப்ரைல்' என்று எழுதுவார்கள். அது லத்தீன் வழி. தமிழிலும் அப்படித்தான். வெயில் காய்கிறது, தீயில் குளிர் காய்ந்தோம் என்கிறோமே, அந்தக் 'காய்'தான் காய்ச்சலிலும் இருக்கிறது. நெற்றியைத் தொட்டு "உடம்பு காயுதே" என்று பாட்டி சொல்வதும் அந்தக் கடிதம் சொல்வதும் ஒன்றுதான்.

எனக்குக் கவலை வேறு. உடம்பு சுடுகிறது என்று மட்டுமே இந்தச் சொல் சொல்கிறது, ஏன் சுடுகிறது என்று சொல்லவில்லை. கிருமி நுழைந்ததும் நம் தற்காப்பு அணுக்கள் சில பொருள்களை வெளிவிடும். மூளையில் உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி அவற்றால் சூட்டை ஏற்றிவிடும். அந்தப் பொருள்களுக்கு 'பைரோஜென்', அதாவது நெருப்பை உண்டாக்குவது என்று பெயர். எந்தக் கிருமி என்பதைத்தான் இப்போது கண்டுபிடிக்க வேண்டும்.

தோட்டத்து ஆட்களுக்குக் காய்ச்சல் என்றால் டிங்கியும், எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோவும் எனக்கு உடனே நினைவுக்கு வரும். அப்பா இன்னும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை என்றால் இன்றே கூட்டிப் போங்கள். அவர் என்ன வேலை செய்கிறார், சேற்றுத் தண்ணீரில் இறங்கினாரா, காலில் வெட்டுக்காயம் உண்டா என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். கண் சிவந்திருந்தாலோ கெண்டைக்கால் ரொம்ப வலித்தாலோ அதையும் சொல்லுங்கள்.

அப்புறம், சூடு இறங்கியதும் சரியாகிவிட்டது என்று அப்பா வேலைக்குக் கிளம்பக் கூடாது. டிங்கியில் ஆபத்து பெரும்பாலும் சூடு இறங்கும் அந்த ஓரிரு நாளில்தான் வரும். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், எழ முடியாத சோர்வு, இதில் ஒன்று இருந்தாலும் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், இரவானாலும் சரி. காய்ச்சலுக்குப் பெனடோல் (பாராசிட்டமால்) மட்டும், அட்டையில் உள்ள அளவில் கொடுங்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். டிங்கியாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.